கையால் இயக்கும் ஃபிலிம் கேமரா: ஈர்ப்பு எங்கே இருக்கிறது?

கல்லூரி மாணவர் ஒருவரின் கேள்வி இது: "அப்பாவின் பீரோவில் பென்டாக்ஸ் கே1000 கேமரா ஒன்று கிடைத்தது. கைபேசியே இவ்வளவு தெளிவாகப் படம் எடுக்கிறதே, பிறகு ஏன் சிலர் காசு கொடுத்து ரோல் வாங்கிப் போட்டு, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் தாங்களே கணக்குப் பார்த்து, எடுத்த படத்தைப் பார்க்க நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள்? இது பழசின் மீதுள்ள மோகம்தானா? நான் இதைப் பழகிப் பார்ப்பதில் பயன் உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு, பழகுங்கள். பழகுவதற்குக் கே1000ஐ விட நல்ல கேமரா கிடைப்பது கடினம். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பழசின் மீதுள்ள மோகம் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. இன்று இந்தக் கேமராக்களைத் தேடி அலைபவர்களில் பலர் ஃபிலிம் ரோல் காலத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள், உங்களைப் போல. தான் வாழாத காலத்தின் மீது ஒருவருக்கு ஏக்கம் வரலாம், ஆனால் அந்த ஏக்கம் இரண்டு ரோலுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. மூன்றாவது ரோலையும் முப்பதாவது ரோலையும் வாங்க வைப்பது வேறொன்று. என் கணிப்பில் அது இதுதான்: இந்தக் கேமராவில் எல்லா முடிவுகளையும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எடுத்து முடித்தாக வேண்டும். டிஜிட்டல் ஒவ்வொரு தலைமுறையிலும் முடிவுகளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. வெளிச்சம் குறைந்துவிட்டதா, பிறகு கூட்டிக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையா வண்ணமா, பிறகு பார்க்கலாம். இருபது படத்தில் எது நல்ல படம், வீட்டுக்குப் போய்த் தேர்ந்தெடுக்கலாம். பின்னணி எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்பதைக்கூட இப்போது கைபேசியில் படம் எடுத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முடிவு எடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பின்னுக்குத் தள்ளத் தள்ள அது நீர்த்துப்போகிறது. துணியை அளந்து வெட்டும் தையல்காரரின் கத்தரிக்கோல் நகரும் கணத்தில் இருக்கும் அந்தக் கூர்மைக்காகத்தான் ஃபிலிமில் எடுப்பவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

இதைச் சொல்வதற்கு முன், ஃபிலிம் அன்பர்கள் வழக்கமாகச் சொல்லும் சில காரணங்களை ஓரங்கட்டிவிட வேண்டும். ஃபிலிமில் தெளிவு அதிகம் என்பார்கள். 35 மி.மீ. ஃபிலிமைப் பொறுத்தவரை இது உண்மையில்லை. இன்றைய சாதாரண 24 மெகாபிக்சல் கேமரா நுணுக்கத்திலும் இரவு வெளிச்சத்திலும் அதைத் தாண்டிப் போய்விட்டது. பெரிய தகட்டு ஃபிலிமின் கதை வேறு, உங்கள் கேமராவுக்கு அது பொருந்தாது. அடுத்து, ஃபிலிமின் வண்ணம் தனி அழகு என்பார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி லேபில் உள்ள ஸ்கேனரின் கைவேலை. ஒரே நெகட்டிவை இரண்டு லேபில் கொடுத்துப் பாருங்கள், இரண்டு வேறு படங்களாகத் திரும்பி வரும்.

முப்பத்தாறு படம்தான் என்பதால் யோசித்து எடுப்போம் என்பதும் அரைகுறை உண்மைதான். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது டெவலப் செய்யாத ரோல்களே ஏறத்தாழ 2,500 இருந்தன. கையால் இயக்கும் லைக்கா கேமராவில் எடுத்தவர் அவர். சிக்கனம் அவர் பக்கமே தலைகாட்டியதில்லை. படத்தின் எண்ணிக்கை யாரையும் நல்ல கலைஞராக்குவதில்லை.

சரி, உங்கள் கையிலுள்ள பொருளுக்கு வருவோம். கே1000 1976இல் சந்தைக்கு வந்து 1997 வரை தயாரானது. பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கேமரா விற்பது இந்தத் தொழிலில் அபூர்வம். முதலில் ஜப்பானிலும், பிறகு ஹாங்காங்கிலும் சீனாவிலும் செய்தார்கள். உலகெங்கும் புகைப்பட வகுப்புகளில் மாணவர்களுக்குப் பரிந்துரைத்த கேமரா இது. அதிலுள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். மேலே ஷட்டர் வேகத்துக்கு, அதாவது ஃபிலிமில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்கு, ஒரு சக்கரம், அதற்குள்ளேயே ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் சிறு சாளரம். லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் (ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைப்பது), ஃபோகஸ் வளையம். வலது கட்டைவிரலுக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவர். ஒரு பொத்தான். இடது பக்கம் ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் குமிழ். கேமரா அவ்வளவுதான். தன்னைத்தானே எடுத்துக்கொள்வதற்கான டைமர்கூட இல்லை. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு ஊசி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அது நடுவில் நின்றால் வெளிச்சம் சரி, மேலே போனால் அதிகம், கீழே இறங்கினால் குறைவு. உள்ளேயுள்ள பொத்தான் பேட்டரி அந்த ஊசிக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தால் ஊசி சாயும், கேமரா சாயாது. அணைக்கும் சுவிட்சும் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்கினால், ஊசியை ஆட்டும் அந்த ஒளி மீட்டர் தூங்கிவிடும். அந்த மூடியைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஃபிலிம் போடாமல் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்யுங்கள். சக்கரத்தை 1 வினாடியில் வைத்து, லீவரை இழுத்து, பொத்தானை அழுத்திப் பாருங்கள். ரப்பர் பூசிய கறுப்புத் துணித் திரை ஒன்று பக்கவாட்டில் ஓடித் திறக்கும், ஒரு வினாடி கழித்து இரண்டாவது திரை அதன் பின்னாலேயே ஓடி மூடும். 1/60 வரை இப்படித்தான், ஒரு கணமாவது முழுச் சட்டமும், அதாவது படம் பதியும் பரப்பு முழுவதும், திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் வைத்தால் முதல் திரை எல்லையைத் தொடும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள பிளவு மட்டும் ஃபிலிமின் மீது நகர்ந்து போகும். 1/1000இல் அந்தப் பிளவு சில மில்லிமீட்டர் அகலம்தான். ஃப்ளாஷ் போடும்போது 1/60க்கு மேல் போகக்கூடாது என்று கையேட்டில் ஏன் எழுதியிருக்கிறார்கள் என்பது இப்போது தானாகவே விளங்கும். ஃப்ளாஷ் மின்னும் கணத்தில் சட்டம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் பாதி கறுப்பாகிவிடும். ஒரு விதியை மனப்பாடம் செய்வதற்கும் அதன் காரணத்தைக் கண்ணால் காண்பதற்கும் உள்ள தூரம் பெரிது. இந்தக் கேமராவில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. திருகாணியும் பல்சக்கரமும் ஸ்பிரிங்குமாக முழுவதையும் ஒரு மனிதரின் புத்திக்குள் அடக்கிவிடலாம். நம் கையில் இருக்கும் வேறு எந்தக் கருவியைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இனி வெளிச்சம். ஃபிலிம் கேமரா கற்றுத்தருவதில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். ரோலின் பெட்டியில் ஐஎஸ்ஓ என்று ஓர் எண் இருக்கும், 100, 200, 400 என்று. ஃபிலிமின் வேகம் என்று சொன்னது இதைத்தான், எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும். நல்ல வெயிலில் அப்பர்ச்சரை 16இல் வைத்தால், ஷட்டர் வேகம் அந்த எண்ணின் தலைகீழ். 400 ஃபிலிம் என்றால் 1/400, கேமராவில் 1/400 இல்லாததால் 1/500. மீட்டர் வேண்டாம், பேட்டரி வேண்டாம். மெல்லிய மேகம் படர்ந்து நிழலின் விளிம்பு மங்கினால் அப்பர்ச்சர் 11. நிழலே விழாத மூடாக்கு என்றால் 8. வெட்டவெளிக்குப் பக்கத்திலுள்ள கட்டட நிழலில் 5.6 அல்லது 4. அப்பர்ச்சர் எண்களின் வரிசை 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று விசித்திரமாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு படியிலும் துளையின் பரப்பு பாதியாகிறது, விட்டம் இரண்டின் வர்க்கமூல அளவில் சுருங்குகிறது. ஒவ்வொரு படியையும் ஒரு ஸ்டாப் என்பார்கள். ஷட்டர் சக்கரத்திலும் ஒவ்வொரு படியும் பாதி அல்லது இரட்டிப்பு. ஆக ஒரு பக்கம் ஒரு படி கூட்டினால் மறுபக்கம் ஒரு படி குறைக்கலாம், ஃபிலிமில் விழும் வெளிச்சம் மாறாது.

வெளிச்சம் மாறாது, படம் மாறும். அப்பர்ச்சர் 8இல் 1/500ம், 16இல் 1/125ம் ஒரே வெளிச்சம்தான். முதலாவதில் ஓடுகிற சிறுவன் காற்றில் உறைந்து நிற்பான், அவனுக்குப் பின்னாலுள்ள சுவரொட்டி மங்கும். இரண்டாவதில் சுவரொட்டியின் எழுத்தைப் படிக்கலாம், சிறுவனின் கால்கள் கலைந்திருக்கும். எது வேண்டும் என்பதைக் கேமரா கேட்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிஜிட்டலிலும் இதே வசதி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, பக்கத்திலேயே "ஆட்டோ" என்ற தப்பிக்கும் வழியும் இருக்கிறது. தப்பிக்க வழி இருக்கும்போது மனிதர்கள் தப்பித்துவிடுவார்கள், நானும் அப்படித்தான்.

ஊசியை நம்புவதிலும் ஒரு பாடம் உண்டு. மீட்டருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் கறுத்த முகத்துப் பெரியவரை வெள்ளையடித்த சுவருக்கு முன் நிறுத்தி ஊசியை நடுவில் வைத்து எடுத்தால், வேட்டியும் சுவரும் அழுக்குச் சாம்பலாகும், முகம் இருண்டுபோகும். இங்கே இரண்டு ஸ்டாப் கூட்டியாக வேண்டும். கேமராவை அவருடைய முகத்துக்கு அருகில் கொண்டுபோய் ஊசியைப் பார்த்து, அந்த அளவை வைத்துக்கொண்டு பின்னால் வந்து எடுக்கலாம். அல்லது அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலை விட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளுப்பு. சில மாதங்களில் ஊசியைப் பார்க்கும் முன்பே வாயில் எண் வந்துவிடும். பஸ்ஸில் கையில் கேமரா இல்லாமல் போகும்போதும் ஜன்னலோரத்து முகத்தைப் பார்த்து "1/60, நாலு" என்று மனம் முணுமுணுக்கும். கண் அப்படிப் பழகிவிட்டால் பிறகு எந்தக் கேமராவைக் கையில் எடுத்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஃபோகஸைப் பற்றியும் கொஞ்சம். பழைய லென்ஸ்களின் பீப்பாயில் தூரமும், ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் எங்கிருந்து எங்குவரை தெளிவாக விழும் என்ற அளவுகோலும் பொறித்திருக்கும். 35 மி.மீ. லென்ஸை அப்பர்ச்சர் 8இல் வைத்து 3 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை நிற்பவர்கள் தெளிவாக விழுவார்கள். அப்படி வைத்துக்கொண்டு சந்தையில் நடந்தால் ஃபோகஸ் செய்யவே தேவையில்லை. எந்த ஆட்டோஃபோகஸும் இதைவிட வேகமில்லை, ஏனென்றால் இங்கே வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அந்த அளவுகோலை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது.

முடிவை முன்பே எடுப்பது என்று சொன்னேனே, அதை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன். 1932இல் லைக்கா வாங்கினார். பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ். பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். பிரிண்ட் போடும்போது படத்தின் ஓரத்தை வெட்டக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். எடுக்கும்போதே சட்டத்துக்குள் எது வர வேண்டும் என்று தீர்த்துவிட்ட பிறகு வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்து படம் எடுத்தவரும் இவரே. 1950 ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோதும் ஊரில்தான் இருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு கேமராவின் முதுகைத் திருப்பி, "படம் வந்துவிட்டதா" என்று பார்க்க அவருக்கு வழியில்லை. பயணங்களில் எடுத்த ரோல்களை மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார். அவை டெவலப் ஆகி அவர் கண்ணில் படுவது எவ்வளவோ நாட்களுக்குப் பிறகு. அதனால் எதிரிலிருக்கும் மனிதரை விட்டு அவருடைய கண் விலகவில்லை.

முதுகுத் திரை இல்லாததுதான் ஃபிலிம் கேமராவின் பெரிய வசதி என்று நான் சொன்னால் சிரிக்கலாம். ஆனால் 2016இல் லைக்கா நிறுவனம் எம்-டி என்ற டிஜிட்டல் கேமராவை முதுகுத் திரையே இல்லாமல் விற்றது. 2019இல் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-ப்ரோ3 என்ற கேமராவில் திரையை உள்பக்கம் திருப்பி மறைத்து வைத்தது. இருக்கிற வசதியை எடுத்துவிட்டு அதற்கும் காசு கேட்டார்கள், கொடுத்து வாங்கவும் ஆள் இருந்தது. திரை என்ன கெடுக்கிறது? எடுத்தவுடன் பார்த்தால் நாம் நீதிபதியாகிவிடுகிறோம். எதிரிலிருப்பவர் காத்திருக்க வேண்டியதாகிறது, அந்த இடைவெளியில் அவர் முகத்தை மாற்றிக்கொள்கிறார். "எனக்கும் காட்டுங்கள்" என்கிறார். முடிந்தது.

வினோகிராண்ட் இதை இன்னொரு படி கொண்டுபோனார். எடுத்த ரோல்களை வேண்டுமென்றே நெடுங்காலம் டெவலப் செய்யாமல் வைத்திருப்பார். எடுத்த நாளின் உற்சாகம் மனதில் இருக்கும்போது பார்த்தால் அந்த உற்சாகத்தைப் படத்தின் தரம் என்று தவறாக எண்ணிவிடுவோம், மறந்த பிறகு பார்த்தால்தான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது அவருடைய வாதம். இது ஓரளவு வெறித்தனம், அவருடைய கடைசிக்கால ரோல்கள் குவிந்துபோனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் இரண்டு வாரம் கழித்து ஒரு ரோலைப் பார்க்கும்போது, எடுத்ததே நினைவில்லாத ஒரு படம் நன்றாக வந்திருப்பதும், பிரமாதம் என்று நம்பியிருந்தது சப்பென்று இருப்பதும் ஃபிலிமில் எடுக்கும் எல்லோருக்கும் பழகிய விஷயம்.

நெகட்டிவ் என்ற பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷட்டர் திறந்து மூடிய கணத்தில் ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை. ஜெலட்டினில் பதிந்திருக்கும் வெள்ளி உப்புப் படிகங்களில் ஒளி பட்ட இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெள்ளி அணுக்கள் சேர்ந்திருக்கும், அவ்வளவே. டெவலப்பர் அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் வெள்ளியாக்குகிறது. கோடிக்கணக்கான மடங்கு பெருக்கம். இதை வீட்டுக் குளியலறையில் செய்யலாம் என்பதுதான் கறுப்பு வெள்ளையின் மகிமை. இல்ஃபோர்ட் எச்பி5 ரோலை ஐடி-11 டெவலப்பரில், கலக்கிய கரைசலை நீர் சேர்க்காமல் பயன்படுத்தினால், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். பிறகு டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், கழுவல். ரோலை டாங்கின் சுருளில் ஏற்றும் வேலையை மட்டும் முழு இருட்டில் செய்ய வேண்டும், மற்றதெல்லாம் விளக்கு வெளிச்சத்திலேயே.

எல்லாக் கையேடுகளும் அந்த 20 டிகிரியைத்தான் சொல்லும். குளிர்நாட்டில் எழுதிய கணக்கு அது. நம் ஊரில் மே மாதம் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். டெவலப்பர் டப்பாவைப் பனிக்கட்டி மிதக்கும் வாளியில் நிறுத்திக் குளிரவைக்க வேண்டும், அல்லது 24 டிகிரிக்கான நேரத்தை அட்டவணையில் பார்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே நேரம் போனால் டெவலப்பர் சீராகப் பரவாது, திட்டுத்திட்டாக வரும். வேடிக்கை என்னவென்றால் கடினமானது என்று எல்லோரும் ஒதுங்கும் வண்ண நெகட்டிவ் வேலை, அதாவது சி-41, ஏறத்தாழ 38 டிகிரியில் மூன்றேகால் நிமிடம். வெயில் காலத்தில் சென்னையிலும் மதுரையிலும் இந்த வெப்பம் சுலபமாகக் கிட்டும். நம் தட்பவெப்பம் வண்ணத்துக்கே வளைந்துகொடுக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் ஃபிலிமுக்கும் இன்னொரு உறவும் உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் பொதுத்துறை நிறுவனமாக இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் அங்கே தயாரான கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் உங்கள் அப்பாவிடம் கேட்டால் நினைவுகூர்வார். வண்ணத்துக்கு மாறிய சந்தையை அந்த ஆலையால் எட்டிப்பிடிக்க முடியவில்லை, நலிந்து மூடிப்போயிற்று. இன்று நம் கையில் கிடைக்கும் ரோல் பெரும்பாலும் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் கோடாக் தயாரித்தது, அல்லது இங்கிலாந்தின் செஷையரில் இல்ஃபோர்ட் பெயரில் வருவது.

விலை ஏன் இப்படி ஏறிக்கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. ஃபிலிமின் மீது ஒளியுணரும் கலவையைப் பூசும் இயந்திரம் ஒரு பெரிய கட்டடத்தின் அளவு, அதைச் சிறிய அளவில் ஓட்ட முடியாது. பூசுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியபோது ஃபிலிம் அத்தோடு போய்விடும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். போகவில்லை. 2022இல் லைக்கா தன் பழைய எம்6 ஃபிலிம் கேமராவை மறுபடி செய்யத் தொடங்கியது. 2024இல் பென்டாக்ஸ், லீவர் வைத்துக் கையால் ஃபிலிமை நகர்த்தும் பென்டாக்ஸ் 17 என்ற புதிய கேமராவையே வெளியிட்டது. அந்த லீவரின் பொறியமைப்புக்காக நிறுவனம் பழைய தலைமுறைப் பொறியாளர்களின் அனுபவத்தை நாட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் அறிந்திருந்த கைவேலை அது.

எனக்கு உள்ள உண்மையான கவலை ஃபிலிமைப் பற்றியதில்லை, பழுதுபார்ப்பவர்களைப் பற்றியது. கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்ற இயந்திரக் கேமராக்கள் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடும். எஃப்எம்2 1982இல் வந்தது, பேட்டரியே இல்லாமல் 1/4000 வினாடி வரை எல்லா வேகத்திலும் வேலை செய்யும். அதே காலத்து மின்னணுக் கேமராக்களில் சர்க்யூட் செத்தால் கேமராவும் செத்தது, மாற்றுப் பாகம் கிடைக்காது. இயந்திரக் கேமராவில் எண்ணெய் இறுகிப்போகும், ஸ்பிரிங் தளரும், இரண்டையும் கைதேர்ந்த ஒருவர் சரிசெய்துவிடுவார். ஆனால் அந்தக் கைதேர்ந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆளில்லை. உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு படம் எடுப்பதாக இருந்தால் டிஜிட்டலைக் கொண்டுபோங்கள், அடுத்தவரின் ஒருமுறை நிகழ்வில் உங்கள் பொழுதுபோக்கைச் சோதிக்காதீர்கள். ஓடியாடும் குழந்தை, மேடை நாடகம், இரவுத் தெரு ஆகியவற்றில் ஃபிலிம் திணறும். செலவு உண்மையிலேயே அதிகம், மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டால் தாங்கும். ஃபிலிமில் எடுப்பவர்களில் சிலருக்கு ஒருவித மேட்டிமை வந்துவிடுகிறது, அதையும் ரோலோடு சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் பீரோக் கேமராவுக்கு. லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவில் பூட்டிவைத்த லென்ஸுக்கு இது சாதாரணம். லேசாக இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால் மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்க வேண்டாம். பின்மூடியின் விளிம்புப் பள்ளங்களில் உள்ள கறுப்பு நுரைப்பஞ்சு பிசினாகியிருக்கும், அதைச் சுரண்டிப் புதிதாக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து படத்தில் செந்நிறக் கோடு விழும். பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, எல்ஆர்44 பேட்டரி ஒன்று போடுங்கள். 1 வினாடி என்று வைத்தால் உண்மையிலேயே ஒரு வினாடி போலக் கேட்கிறதா என்று பாருங்கள், இழுத்துக்கொண்டே போனால் எண்ணெய் இறுகியிருக்கிறது.

முதல் ரோலுக்கு 400 வேண்டாம். உங்கள் கேமராவின் உச்ச வேகம் 1/1000, நம் வெயிலில் 400 போட்டால் அப்பர்ச்சரை 11க்குக் கீழே திறக்கவே முடியாது. 100 அல்லது 200 வண்ண நெகட்டிவ் வாங்குங்கள். அது இரண்டு ஸ்டாப் அதிகமானாலும் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் நிழல்கள் சேறாகும். அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஃபிலிமைப் பொருத்தி மூடிய பிறகு, சுருட்டும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பி உள்ளே ஃபிலிமின் தொய்வை இறுக்குங்கள். அதன் பிறகு லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் உள்ளே ஃபிலிம் நகரவில்லை, முப்பத்தாறு முறை அழுத்தினாலும் ஒரு படமும் பதியாது. முடிந்ததும் அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டுத்தான் குமிழைச் சுற்ற வேண்டும், அழுத்தாமல் சுற்றினால் ஃபிலிம் கிழியும். லேபில் கொடுக்கும்போது ஸ்கேன் மட்டும் போதாது, நெகட்டிவும் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் கொஞ்ச நாள் வைத்திருந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.